ஏழு பேரு ஒலை

— இன்னாமே தாயம்மா, பானைல அரிசி ஒரு மணி கூட இல்ல, ஒலை மட்டும் தளதளன்னு கொதிச்சுகினு கீது?

— ஒலை வைக்கிறது என் வேல. அரிசி போடறது ஆண்டவரு வேல.

— நாலு நாளா நீ உன் வேலைய ஒயுங்கா செய்யுற. அவுருதான் வேலைக்கு வரல.

— உன் வாய்ல வசம்ப வச்சு தேய்க்கணும். எலியா தீர்க்கதரிசி பட்டினி கெடந்தப்போ காக்கா சோறு கொண்டாந்துச்சு, தெரியுமா?

— அது அந்தூரு காக்கா. நம்ம காசிமேட்டு காக்கா வாய்ல கீறதையும் புடுங்கிகினு பூடும்.

— அஞ்சு அப்பத்த வச்சு ஐயாயிரம் பேருக்கு போட்டாரே, அது?

— அங்க அஞ்சு அப்பமாச்சும் இருந்துச்சுமே. இங்க தண்ணிதான கீது.

— தண்ணியக்கூட திராட்ச ரசமாக்கினாரு, கானாவூரு கண்ணாலத்துல.

— அத்த இப்ப செய்யச் சொல்லு. நாளைலேர்ந்து தெனம் ரெண்டு வேள பூசைக்கு வரேன்.

— ஒன்ன கட்டிகினு இத்தினி வருசம் ஓட்டினதுக்கே எனக்கு மோட்சம் நிச்சயம்.

— அது கெடக்கட்டும். புள்ளைங்க ரெண்டு, நாம ரெண்டு. இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பானை? ஏழு பேரு ஒலை மாதிரி கீது.

— கேக்குறதே ஆண்டவராண்ட. அதுல இன்னாத்துக்கு கஞ்சத்தனம்?

— புள்ளைங்க எங்க?

— பக்கத்து வூட்ல. ஜஹானாரா புள்ளைங்களோட ஆடிகினு கீதுங்க. ஆட ஏது தெம்பு, சும்மா குந்திகினு கீதுங்க. கரைல பொறுக்கின நண்டும் நேத்தோட சரி.

— அவ புருசன் கப்பல்ல போனானே, கடுதாசி எதுனா போட்டானா?

— எங்க? கப்பலே வரலன்னு நீதான சொல்லிகினு கீற.

— வரும்மே. எந்தக் கம்பேனிக்காரனும் கப்பல சும்மா கட்டி வச்சிருக்க மாட்டான். கப்பலு வந்தா சரக்க கரைக்கு கொண்டார படகு வேணும், படகுக்கு ராசையா வேணும். அதான் படகு ஒடஞ்சும் துடுப்ப மட்டும் பத்திரமா... இரு. அடுப்புல எரியறது இன்னாமே?

— வெறகு.

— இன்னா வெறகு?

— படகுப் பலகை நேத்தோட தீந்து பூச்சுய்யா.

— அடிப்பாவி, என் துடுப்புமே அது.

— நுனிதான்யா எரியுது.

— எங்கப்பன் புடிச்ச துடுப்பு. வெறும் தண்ணிய சுட வைக்க கொளுத்திட்டியே. நவுரு.

— யோவ், பானைய எதுக்கு தூக்குற? கைய சுட்டுக்கப் போற. யோவ். அடுப்புலயே ஊத்திட்டியே, பாவி.

— அணஞ்சுது. துடுப்பு பொயச்சுது.

— நாலு நாளா தவறாம ஏத்தி வச்ச அடுப்புய்யா. ஆண்டவரு இனி இந்த வூட்ட எப்டி கண்டுபுடிப்பாரு?

— தேடட்டும். நாம அவுர தேடல?

— தாயம்மா, உள்ள இருக்கியா? உபதேசியார் தவசிமுத்து வந்திருக்கேன்.

— வாங்க ஐயா, குந்துங்க. இந்த ஆளு பண்ண அக்கிரமத்த கேளுங்க.

— ஒக்கார நேரமில்லம்மா. இந்தா, ரெண்டு படி அரிசி. முந்தானையப் பிடி.

— ஆண்டவரே.

— நெசமாவே அரிசிதானா ஐயா? எனக்கு கண்ணு இருட்டிகினு வருது.

— அரிசிதாம்ல ராசையா. படகு வேலை நின்னுபோன வீடுகளுக்குப் பங்குச் சாமியார் குடுத்தனுப்புறாரு. திங்கக்கெழமையில இருந்து தெனம் மத்தியானம் இந்தத் தெரு வழியாத்தான் போறேன்.

— தெனமுமா? எங்க வூட்டுப் பக்கம் வரவே இல்லியே ஐயா.

— எந்தக் கூரையில பொகை வரலியோ அந்த வீட்டுக்கு மட்டுந்தான்னு சாமியார் உத்தரவு. ஒங்க கூரை கொழும்புக் கப்பல் கணக்கா பொகைஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சு. சரி, மகராசி சோறு பொங்குதான்னு தாண்டிப் போயிட்டேன். இன்னைக்குத்தான் பொகை இல்ல.

— கேட்டியாமே? ஆண்டவரு தெனம் வாசல் வரைக்கும் வந்துட்டு, உன் விசுவாசத்தப் பாத்து திரும்பிப் பூட்டாரு.

— கேட்டேன். கடைசில நம்பாதவன் கையாலயே அடுப்ப அணைக்க வச்சாரே, அதயும் பாத்தேன்.

— எப்டி போட்டாலும் அவுரு கட்சியே பேசுற. பெரிய பேஜாரு.

— சண்டைய அப்புறம் போடுங்க. நாளைக்கும் வருவேன். பொகை தெரிஞ்சா அரிசி கெடையாது, சொல்லிட்டேன்.

— அப்ப இந்த அரிசிய எப்டி வேக வைக்கிறது?

— அது உத்தரவுல இல்லவே.

— ஐயா, பக்கத்து வூட்டு ஜஹானாரா பேரு உங்க அரிசி நோட்டுல கீதா?

— அவ பள்ளிவாசல் சனம்லா. எப்படி இருக்கும்?

— அப்ப அவ வூட்ல பொகைஞ்சா?

— பொகைஞ்சா எனக்கென்ன? நான் பாக்குறது நம்ம பங்கு வீடுகளத்தான். வாரேம்மா.

— போய்ட்டு வாங்க ஐயா.

— இன்னாமே, தனியா சிரிக்கிற?

— ஏழு பேரு ஒலை எதுக்குன்னு கேட்டியே. நாம நாலு. ஜஹானாராவும் அவ ரெண்டு புள்ளைங்களும் சேத்து மூணு. அங்கயும் நாலு நாளா பட்டினிதான். ரெண்டு வூட்டுக்கும் சேத்துத்தான் கேட்டுகினு இருந்தேன். கெளம்பு, அவ அடுப்புல பொங்கிக்கலாம்.

— அதுவும் சரிதான். குடு, பானைய நான் தூக்கிக்கிறேன்.

— பானைய நான் பாத்துக்கிறேன். அவளாண்ட ஒரு சுள்ளி கூட இல்ல. நீ அந்தத் துடுப்ப எடுத்துகினு வா.