ஆந்திரா நெம்பர்

— மறுபடியும் மொதல்லேர்ந்தா? பெரியப்பா, நீங்க சொன்ன காரோட சேசிஸ் நம்பரே தப்பு. கடைசி அஞ்சு எழுத்து கேட்டா ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொண்ணு சொல்றீங்க.

— கண்ணு சரியா தெரில சுஜாதா. வயசாவுதில்ல.

— தெரிலியா? ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கிற பஸ்ஸு பொதட்டூர்பேட்ட போவுதா, ஆர்.கே.பேட்ட போவுதான்னு இங்க உக்காந்துகினே படிச்சீங்களே, இப்பதான்?

— போர்டு எழுத்து பெருசும்மா.

— ஆர்.சி. புக்க இப்பிடி குடுங்க, நானே பாத்துக்கறேன். இந்தக் கடையில பட்டா, சிட்டா, பொறப்பு சர்டிபிகேட்டு, எல்லாம் எடுத்துக் குடுத்திருக்கேன். ஒரு காருக்கு ரோடு டாக்ஸ் கட்ட இவ்ளோ நாள் இழுத்ததே இல்ல. இன்னிக்கி முடிச்சிடறேன்.

— இன்னிக்கேவா?

— ஆங், இன்னிக்கேதான்.

— கிருத்திக கூட்டம் இருக்குதே. மலைக்குப் போறவன் வர்றவன்லாம் ஜெராக்ஸுக்கு வந்து நிப்பான். உனுக்கு எதுக்குத் தொல்ல? நான் அடுத்த வாரம் வர்றேன்.

— ஐயே, உக்காருங்க கஜபதி பெரியப்பா. கூட்டம்லாம் மலை மேல. இங்க ஒரு ஈ காக்கா இல்ல. டீ சொல்லட்டுமா?

— சொல்லு. மெதுவாவே வரட்டும்.

— டீ மெதுவா வரட்டும், வேல மெதுவா நடக்கட்டும். ஏன் பெரியப்பா? இந்த என்.ஓ.சி. எப்பவும் செல்லும்னு நெனச்சிகினு இருக்கீங்களா? ஆந்திரா வண்டி நம்ம ஊருக்கு வந்துடுச்சி. அங்க ஆபீஸ்ல எங்களுக்கு ஆட்சேபன இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அது செல்லுற காலத்துக்குள்ள இங்க ஆயுள் வரி கட்டணும், அப்புறம் வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டுபோயி காட்டணும், அப்பதான் டி.என். நம்பர் குடுப்பாங்க. தேதி போயிடுச்சின்னா உங்க புள்ள விசாகப்பட்டணத்துல மறுபடியும் லைன்ல நிக்கணும்.

— நிக்கட்டும்.

— இன்னா சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல. அந்த என்.ஓ.சி.ய தபால்ல அனுப்பினான் பாரு. கவர ஒதறி ஒதறிப் பாத்தேன். உள்ள கிழிச்சிப் பாத்தேன். நல்லாகிறியான்னு ஒரு வரி இல்ல. என் அட்ரஸ மட்டும் அழகா எழுதியிருந்தான். சின்னப் புள்ளயில அவனுக்கு நான்தான் ஸ்லேட்டுல எழுத வெச்சேன்.

— அட்ரஸாவது கைப்பட எழுதினாரே. ஆர்.சி. இருக்கு, என்.ஓ.சி. இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. எல்லாம் சரியா இருக்குது.

— ஏம்மா, இந்த ஆயுள் வரின்றது ஒரே தபாதானா? வருசா வருசம் வராதா?

— சொந்தக் காருக்கு ஒரே தபாதான். வாங்கின வெல இன்னா, வண்டி எவ்ளோ பழசுன்னு பாத்து கம்ப்யூட்டரே கணக்கு போட்டுடும். போன்ல இருந்தே கட்டிட்டு ரசீத எடுத்துக்கலாம்.

— மாசா மாசம் கட்ற மாதிரி ஒண்ணும் இல்லியா?

— எல்லாரும் ஒரே தபாவுல தொலைஞ்சா போதும்னு கும்புடறாங்க. நீங்க மாசா மாசம் கட்டணும்ன்றீங்க! சரி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்கக் கூடாது. உங்களுக்கு காரு ஓட்டத் தெரியுமா?

— டிராக்டரு ஓட்டுவேன்.

— அப்ப இந்தக் கார யாரு ஓட்டுறா?

— ஒருத்தரும் ஓட்டல. வாசல்ல தென்ன மரத்தாண்ட நிக்கிது. படுதா போட்டு மூடியிருக்கேன். மேல வுழுந்துடப் போவுதுன்னு தேங்கா எல்லாத்தயும் பிஞ்சாவே எறக்கிட்டேன். காலைல எழுந்ததும் படுதாவ எடுத்துத் தொடைப்பேன், மறுபடி மூடுவேன். அதுக்குள்ள கொஞ்சம் பொழுது போயிடும்.

— உள்ள உக்காந்து பாத்தீங்களா?

— ஒரே ஒரு தபா, மழையில. உள்ள அவன் போட்டுக்கற செண்டு வாசன அப்பிடியே இருந்துச்சி. போயிடப் போவுதுன்னு சட்டுனு எறங்கி கதவ சாத்திட்டேன். அப்புறம் தொறக்கல.

— பெரியப்பா...

— டீ வந்துடுச்சி பாரு.

— குடிங்க. இந்த வண்டிய ஏன் இங்க வுட்டுட்டுப் போனாரு உங்க புள்ள பிரகாஷு? இத்தினி நாளா நானும் கேக்கல, நீங்களும் சொல்லல.

— புது வண்டிய மலையில பூஜ போட எடுத்துகினு வந்தாம்மா. பொண்டாட்டியும் வந்துச்சி. துர்கான்னு பேரு, சீகாகுளத்துப் பொண்ணு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சி, மால போட்டு, நேரா வூட்டாண்ட கொண்டாந்து நிறுத்தினான். பங்காளிங்கல்லாம் பாக்க வந்துட்டானுங்க. அதுல ஒருத்தன், இன்னாடா கஜபதி, எல்லப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போன உங்க நைனா வூட்டு வாசல்ல ஆந்திரா நெம்பர் நிக்குதேன்னு சிரிச்சிட்டான்.

— உங்க நைனா ஜெயிலுக்குப் போனாரா?

— பின்ன? திருத்தணி ஆந்திராவுக்கில்ல, நம்மளுதுன்னு ரயில மறிச்சவரும்மா அவரு. போலீஸ்காரன் அடிச்சதுல ஒரு கை கடைசி வரைக்கும் மேல தூக்க வரல.

— அவ்ளோ செஞ்சவர நைனான்னு கூப்புடறீங்க. அதே தெலுங்குதானே?

— அது அப்பன கூப்புடற பேரு. அதுக்கு ஏது எல்ல? நீ கேளு. அவன் சிரிச்சதும் எனுக்கு ரோசம் வந்துடுச்சி. வேற ஊரு நெம்பரு என் வாசல்ல நிக்கக் கூடாது, மாத்திகினு அப்புறம் உள்ள வாடான்னு கத்திட்டேன்.

— வண்டி நம்பரத்தானே சொன்னீங்க?

— வண்டியத்தான் சொன்னேன். ஆனா அந்தப் பொண்ணு ஆரத்திக்கு நிக்குது, வாசல்லியே. இன்னா சொல்றாருன்னு தெலுங்குல அவன கேக்குது. அவன் மூஞ்சி செத்துப் போச்சி. சாவிய படிக்கட்டுல வெச்சான். அப்ப நீயே மாத்திக்க நைனான்னான். ரெண்டு பேரும் பஸ் ஏறி அரக்கோணம் போயி ரயில் புடிச்சிட்டாங்க. ஆரத்தி தட்டு சுத்தாமலே கிடந்துச்சி.

— துர்காவ சொன்னதா எடுத்துக்கினாரு.

— நான் வண்டியத்தான் சொன்னேன் சுஜாதா.

— ம்.

— அப்ப வண்டியத்தான்னு நெனச்சேன். இப்ப தனியா உக்காந்து யோசிச்சா எனுக்கே தெரில. அவன் அம்மா கோவிந்தம்மா உசுரோட இருந்திருந்தா அந்த வார்த்த வெளிய வர்றதுக்குள்ள என் வாய பொத்தியிருப்பா.

— போன் பண்ணி சொல்லிடறதுதானே? நான் வண்டியத்தான்டா சொன்னேன்னு.

— எங்க ரெண்டு பேருக்கும் பேசிப் பழக்கமில்லம்மா. அவ இருந்தப்ப தெனம் அவகிட்டதான் பேசுவான். நான் டிவி பாக்கற மாதிரி உக்காந்துகினு, சத்தத்த கொறச்சி வெச்சி கேப்பேன். நைனா எங்கன்னு அவன் கேப்பான். இதோ இங்கதான்னு அவ சொல்வா. அவ்ளோதான் நாங்க பேசறது. இப்ப அவ இல்ல. நான் போன் போட்டா அவன் எடுப்பானா, எடுத்தா நான் இன்னா சொல்றது?

— அதான் சேசிஸ் நம்பர தப்பா சொல்றீங்களா?

— டீ ஆறிப் போச்சி.

— சொல்லுங்க பெரியப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— வண்டி அவன் பேர்ல இருக்குதில்ல, சேசிஸ் நெம்பரு தப்பானாலும் ஓடிபி அவன் போனுக்குப் போயிடுது, ஒடனே அவன் உனுக்கு போன் பண்றானே. நீ ஸ்பீக்கர்ல போடற. அவன் குரல் கேக்குது. அக்கான்னு உன்ன கூப்புடறான். ஒண்ணு, ரெண்டுன்னு நெம்பர் சொல்றான். அவ்ளோ போதும்மா எனுக்கு. ராத்திரிக்கி சோறு எறங்குது. இன்னிக்கி வரிய கட்டி முடிச்சிட்டா அப்புறம் அவன் எதுக்கு போன் பண்ணப் போறான்?

— ஐயோ பெரியப்பா.

— ஒரு மாசம் தள்ளி வெய்யேன். உனுக்கு சேர வேண்டியத குடுத்துடறேன்.

— அதுக்காவ இல்ல. தேதி போயிடுச்சின்னா எல்லாமே வீண். இதோ சரியான சேசிஸ் நம்பர போட்டுட்டேன். பட்டன அமுக்கறேன். ஒண்ணு செய்ங்க. இன்னிக்கி அவரு கூப்பிட்டதும் நீங்களே பேசுங்க.

— வேணாம் வேணாம். நான் இருக்கேன்னு தெரிஞ்சா வெச்சிடுவான். எப்பவும் போல டீ கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லு. உன்ன கையெடுத்துக் கும்புடறேன்.

— கைய எறக்குங்க மொதல்ல. ஓடிபி போச்சி. நான் கேக்கறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுடுவாரு எப்பவும். பாத்தீங்களா, அடிக்குது. ஸ்பீக்கர்ல போடறேன், சத்தம் போடாம இருங்க... ஹலோ, சொல்லுங்க தம்பி.

— அக்கா, பிரகாஷ் பேசறேன். ஓடிபி வந்திருக்கு. நைனா வந்திருக்காரா?

— வந்தாரு. டீ குடிக்கப் போயிருக்காரு.

— வெயில்ல நடந்தா வந்தாரு? இருமல் இருக்குதா?

— இருமல் இல்ல. பஸ்ல வந்தாரு.

— டீயில சக்கர வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

— சொல்ல மாட்டேன். நம்பர் சொல்லுங்க தம்பி.

— நாலு, ஏழு, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு, அஞ்சு.

— தப்புன்னு வருதே.

— அப்பிடியா? இங்க டவர் சரியில்ல, பழைய மெசேஜா இருக்கும். இன்னொண்ணு அனுப்புங்க அக்கா.

— அனுப்பிட்டேன்.

— ஆங், வந்துடுச்சி. எட்டு, மூணு, மூணு, ஆறு, சைபர், ஒண்ணு.

— இதுவும் தப்பு. போன வாரமும் இப்பிடித்தான் ஆச்சி, அதுக்கு முந்தியும் இப்பிடித்தான். தம்பி, இன்னும் ஒரு தபா தப்பானா இன்னிக்கி முழுக்க பூட்டிக்கும். சொல்றதுல, கேக்கறதுல மாறிப் போவுது. அந்த மெசேஜ அப்பிடியே போட்டோ புடிச்சி வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பிடுங்க.

— வேணாம் அக்கா.

— ஏன்? ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும்.

— அதான் வேணாங்கறேன்.

— இன்னா தம்பி, உங்க நைனாவுக்காவ தானே செய்யறோம்?

— அக்கா, அவரு நிஜமாவே பக்கத்துல இல்லியே?

— ...டீ கடையிலதான் இருக்காரு.

— அந்த வரிய நான் எப்பவோ கட்டிட்டேன்.

— கட்டிட்டீங்களா!

— நீங்க மொத மொதல்ல ஓடிபி அனுப்பினப்பவே கட்டிட்டேன். அவர எதுக்கு பஸ்ல அலைய வெக்கணும்னு நானே என் போன்ல அந்த சைட்டுக்குள்ள போயி கட்டினேன். ரசீது என் போன்ல இருக்குது. அத்த சொல்லத்தான் அன்னிக்கி உங்களுக்கு போன் பண்ணேன். வெள்ளச் சட்ட போட்டுகினு காலைலேயே வந்து உக்காந்திருக்காருன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு வாய் வரல அக்கா. ஏதோ ஒரு நம்பர சொல்லிட்டேன்.

— அன்னிலேர்ந்து தப்பாத்தான் சொல்றீங்களா?

— சரியா சொன்னா, வரி கட்டியாச்சின்னு உங்க ஸ்கிரீன்ல தெரிஞ்சிடும். அப்புறம் அவரு எதுக்கு உங்க கடைக்கு வரப் போறாரு? அம்மா போனப்புறம் அவரு எப்பிடி இருக்காருன்னு எனக்குச் சொல்ல ஊர்ல ஒருத்தரும் இல்ல அக்கா. இந்த ஓடிபி வந்தா, இன்னிக்கி எங்க நைனா எழுந்தாரு, குளிச்சாரு, பஸ் ஏறினாருன்னு தெரிஞ்சிக்கறேன். வராத வாரம் துர்கா கூட கேக்குது, உங்க நைனா மெசேஜ் வரலியான்னு.

— அவங்களும் கேக்கறாங்களா?

— அவதான் மொதல்ல கேப்பா.

— அப்ப அவருக்கே ஒரு போன் போடக் கூடாதா தம்பி?

— எடுத்தாருன்னா இன்னா பேசறது? எனக்குத் தெரியல. இது பழகிப் போச்சி. அவருகிட்ட சொல்லிடாதீங்க அக்கா, உங்க கால்ல வுழறேன். என்.ஓ.சி. தேதி போனா போவட்டும், நான் மறுபடி வாங்கி அனுப்பறேன். நீங்க எப்பவும் போல ஓடிபி அனுப்புங்க.

— தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். இந்த போனு...

— இன்னிக்கி கடைசியா ஒண்ணு அனுப்புங்க, போதும்.

— அனுப்பிட்டேன்.

— ஆங், வந்துடுச்சி. சொல்லட்டுமா?

— தப்பாவே சொல்லு பிரகாசு. நான் கேட்டுகினு இருக்கேன்.