துண்டு விழுந்த ஆட்டம்

— துண்டெ எதுக்கு மாப்ளே போட்டே? அதெ மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கலே.

— விடிஞ்சதுல இருந்து இதையேதான் கேக்கறீங்க மச்சான்.

— பதிலு வரலியே!

— அதான் சொன்னேனுங்களே. கைப்பழக்கம். நீங்க கைய நீட்டுனீங்க… என்ற தோள்ல துண்டு கெடந்துச்சு… தன்னால போயிருச்சு.

— தன்னால! அது என்ன மாட்டுச்சந்தையா? கொழிஞ்சாம்பாறையில கூடாரம் போட்டு, நாலு மூலைக்கும் பெட்ரமாக்ஸ் தொங்கவுட்டு, சுத்தியும் கயிறு கட்டி, ஊரே குந்திப் பாக்கற குஸ்தி மேடை!

— கைய நீட்டுனா துண்டெப் போட்டு மூடறதுதானே மச்சான் நம்ம தொழிலு? இத்தன வருசமா ரெண்டு பேரும் மாட்டுத் தரகு பண்றோம். தொறந்த கையில என்னிக்காச்சும் வெலை பேசியிருக்கறமா? துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தானே…

— நான் அங்க வெலை பேசவா கைய நீட்டுனேன்? அந்த மங்கோலியாக்காரன் என்ற முதுகு மேல ஏறிக் குந்தீட்டு கழுத்த முறுக்கறான். ‘மாப்ளே, கையத் தொடு, நீ உள்ள வா, நான் வெளிய போறேன்’னு நீட்டறேன். பூ மாதிரித் தொட்டிருந்தாப் போதும்!

— தொட்டனே.

— துண்டெப் போட்டுட்டுத் தொட்டே! விசில் ஊதறவன் என்ன பண்ணுனான்? மேடைக்குள்ள துண்டு விழுந்துருச்சு, இவுங்க தோல்விய ஒத்துக்கிட்டாங்கன்னு ஊதிப்போட்டான்.

— அது வெள்ளைக்காரன் வெச்ச சட்டமுங்க. நமக்கென்ன தெரியும்?

— போச்சு… கொழும்பு போச்சு. செயிக்கற சோடியக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னு குஸ்திக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தாரு. கடல்ல மீனு றெக்கை முளைச்சுப் பறக்கும், கப்பல் தட்டுலயே வந்து விழும்னு சொல்லிச் சொல்லி என்னை ஏத்தி வுட்டவனே நீதான்டா!

— பறக்குமுங்க. நெசமாத்தான்.

— இனி எங்கிருந்து பாக்கறது? இந்த எருத்தேன்பதி வாய்க்கால்லயா?

— ஏனுங்க, கம்முனு குப்புறப் படுங்க. எண்ணெய் கண்ணுக்குள்ள போகுது.

— மெதுவாத் தேய்யி பழனாத்தா. அது கழுத்து, அம்மிக்கல்லு இல்லே.

— வலிக்குதுங்களா?

— ஆரு சொன்னா?

— தொட்டா ‘அய்யோ’ங்கறீங்க?

— அது மாப்ளே மேல இருக்கற கோவம்.

— மச்சானுக்குக் கோவம் கழுத்துலதான் இருக்குதாட்ட இருக்குது தங்கச்சி.

— சைனுண்ணா, நீங்க சும்மா இருங்க. காப்பித்தண்ணி ஆறுது, குடிங்க. ஏனுங்க, உங்களுக்கும் வெச்சிருக்கறேன்.

— எங்க?

— எடப்பக்கம்.

— எங்கடி?

— எடப்பக்கந்தானுங்க, கட்டில் காலுக்கிட்ட.

— ம்… பாத்துட்டேன்.

— எதுக்கு ஒடம்பு முச்சூடும் திரும்பறீங்க? கழுத்த மட்டும் திருப்புனாப் பத்தாதுங்களா? எங்க எருமைகூடத் தலைய மட்டுந்தானுங்க திருப்புது.

— குஸ்திக்காரன் அப்படித்தான் திரும்புவான். அது ஒரு பாணி.

— நானும் குஸ்திக்காரன்தானுங்க மச்சான். எனக்கு அந்தப் பாணி வரலியே.

— உனக்கு வந்த பாணி துண்டு போடற பாணி! நீ பேசாதே.

— எல்லாம் அந்த நோட்டீசோட சகுனம் தங்கச்சி. மேனேஜர் ‘டேக் டீம்’னு எழுதிக் குடுத்தாரு. அச்சாபீசுக்காரன் ‘தேக்கு டீம்’னு அடிச்சுப்போட்டான். ‘எருத்தேன்பதி இரட்டைக் காளைகளின் மாபெரும் தேக்கு டீம்!’ கூடாரத்து வாசல்ல பாரஸ்ட் கார்டு வந்து நிக்கறான், தேக்குக்குப் பாஸ் எங்கேன்னு.

— அய்யோ… பொறகு?

— மச்சானக் கூட்டியாந்து நிறுத்தி, ‘இதுதான் சார் தேக்கு’ன்னேன். தட்டிப் பாத்துட்டு, ‘நல்ல வைரம் பாஞ்ச மரம்’னுட்டுப் போயிட்டான்.

— சிரிக்காதே பழனாத்தா! எண்ணெய்க் கிண்ணத்தக் கவுத்துப்போடுவே.

— அந்த டேக்குன்னா என்னங்கண்ணா, கையத் தொடறதா?

— ஆமா தங்கச்சி. கச்சிக்கு ரெண்டு பேரு. ஒருத்தன் உள்ள, ஒருத்தன் கயித்துக்கு வெளிய. உள்ள இருக்கறவன் சலிச்சுட்டான்னா வெளிய நிக்கறவன் கையத் தொடோணும். தொட்டா அவன் வெளிய, இவன் உள்ள. இப்ப நம்ம ஊரே அப்படித்தானே? போன வருசம் வரைக்கும் பழைய ராச்சியம் உள்ள இருந்துச்சு. கேரளம் கையத் தொட்டுச்சு, அது வெளிய போயிருச்சு. நாம இருந்த எடத்துலயேதான் இருக்கறோம்.

— கேரளம் துண்டெப் போடலே. அதான் காரியம் நடந்துச்சு.

— திரும்பத் துண்டா மச்சான்!

— பின்னே? மேனேஜர் சொன்னதக் கேட்டியல்ல? அமெரிக்காவுல ஒரு சோடி. அண்ணந்தம்பின்னு பேரு, ஆனாக் கூடப் பொறந்தவங்க இல்லே. மேடைக்குன்னு அண்ணந்தம்பி ஆனவங்க. ஒருத்தன் கண்ணக் கட்டிக்கிட்டு கைய நீட்டுனாக்கூட மத்தவன் கை அங்க இருக்குமாம். ஒலகத்துலயே பெரிய சோடி. அவுங்கள மாதிரி நாமளும்னு நெனச்சேன் நானு.

— நானும் அங்கதானே நின்னேன். நீங்க நீட்டுன எடத்துல என்ற கை இல்லியா?

— …கை இருந்துச்சு. அத நான் இல்லேங்கலே.

— அதுவுமில்லாம நம்மளத் தோக்கடிச்சவன் மங்கோலியாக்காரனே இல்லீங்க.

— எப்படிச் சொல்றே?

— நீங்க அவன் காலு வெரல மிதிச்சப்ப, ‘எண்டம்மே’ன்னு மலையாளத்துல கத்துனான்.

— மங்கோலியாவுலயும் அம்மாவ அப்படிக் கூப்புடுவாங்களோ என்னமோ.

— ஆட்டம் முடிஞ்சு புட்டும் கடலையும் கேட்டானுங்க மச்சான்!

— சரி, எந்த ஊருக்காரனோ இருந்துட்டுப் போறான். புடி மட்டும் இரும்புப் புடி. …மேனேஜர் மத்தியானத்துக்குள்ள இங்க வாரேன்னிருக்கறாரு. தெரியுமல்ல?

— தெரியுமுங்க. எதுக்குன்னுதான் தெரியலே. ஒருவேளை இன்னொரு ஆட்டம் தருவாரோ? நீங்க கேட்டுப் பாருங்க. இந்தவாட்டி நான் துண்டே இல்லாம நிக்கறேன். சட்டைகூட இல்லாம நிக்கறேன்.

— இன்னொரு ஆட்டமெல்லாம் வேண்டாமுங்கண்ணா. ஒருவாட்டி முடிஞ்சது முடிஞ்சதா இருக்கட்டும்.

— நீ எதுக்குடி நடுவுல?

— விசில் ஊதறவரு மேல என்னங்க தப்பு? பெட்ரமாக்ஸ் வெளிச்சத்துல வெள்ளைத் துண்டு பளிச்சுன்னு விழுந்தா, அவரு ஊதத்தானே செய்வாரு.

— வெள்ளைத் துண்டுன்னு உனக்கு ஆரு சொன்னா?

— ஆருங்க சொல்லோணும்… துண்டுன்னா வெள்ளைதானே.

— நீ ஆட்டத்துக்கே வரலே. மாப்ளே துண்டு பச்சைக் கட்டம். சந்தையில அந்தத் துண்டெப் பாத்தாலே மாடு மெரளும். நேத்து மட்டும் வெள்ளை. ஏன் மாப்ளே?

— அது… பச்சைய என்ற ஊட்டுக்காரி ரஹீமா தொவைக்கப் போட்டுட்டா மச்சான். வேற ஒண்ண எடுத்துக் குடுத்தா.

— செவப்புக் கரை போட்டது.

— …இருக்குமுங்க.

— சித்தூர்ச் சந்தையில போன நோம்பிக்கு நான் ஒண்ணு வாங்குனேன். வெள்ளை. செவப்புக் கரை. அது எங்க பழனாத்தா?

— பொட்டிக்குள்ள இருக்குமுங்க.

— எடுத்துட்டு வா, பாப்போம்.

— எண்ணெய்க் கையோடவா? பொறகு பாக்கலாம், படுங்க.

— படுக்க மாட்டேன்! மாப்ளே, இன்னொண்ணும் எனக்குப் புடிபடலே. துண்டுக்குள்ள கைய வுட்டயே, என்ன வெலை சொன்னே?

— ஞாபகமில்லீங்க.

— எனக்கு இருக்குது. ஒரு வெரலக்கூட நீ அமுக்கலே. பழக்கத்துல போட்டவன்னா கை தன்னால வெரலத் தேடும். உனக்கு அது தேடலே. என்ற அஞ்சு வெரலையும் ஒண்ணாச் சேத்து இறுக்கிப் புடிச்சே. நாம எப்ப அப்படிப் புடிப்போம்?

— பேரம் முடிஞ்சா.

— பேரம் முடிஞ்சுதுன்னு நீ ஆரக் கேட்டு முடிச்சே?

— …மச்சான், என்ற தப்புத்தான். வுட்டுருங்க. நான் பயந்துட்டேன், போட்டுட்டேன். போதுமுங்களா?

— பயந்தியா! குத்த வார காளைய மூக்கணாங்கயித்தப் புடிச்சு நிறுத்தறவன், நீ பயந்தியா?

— அது காளை. என்ற மச்சான் இல்லே.

— ஏனுங்க, அண்ணா அவ்வளவு சொல்றாருல்லீங்க?

— சரி. நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க மாப்ளே. மேனேஜர் எதுக்கு வாராருன்னு எனக்குத் தெரியும். காலையிலயே ஆளு வுட்டிருந்தாரு.

— என்கிட்டச் சொல்லவே இல்லியே?

— அந்த மங்கோலியாக்காரனோட சோடிக்காரன் எறங்கறப்பப் படி தவறிக் காலு ஒடஞ்சுபோச்சு. அவனுக்குச் சோடி வேணும். என்னை வரச் சொல்றாரு. கொழும்புக்கு. என்னை மட்டும்.

— …

— என்ன மாப்ளே, வாய்க்குள்ள துண்டு போயிருச்சா?

— இல்லீங்க… நல்லதுதானே மச்சான். போங்க. பறக்கற மீனப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க.

— போகட்டுமா?

— போங்க. அவனுக்குத் துண்டு போடற பழக்கமும் இல்லே. நான் இங்க சந்தையப் பாத்துக்கறேன். எருமைக்கும் தங்கச்சிக்கும் நான் பொறுப்பு.

— எருமைக்கு அப்பறந்தானுங்களாண்ணா நானு?

— ஒரு வார்த்தை ‘போகாதீங்க’ன்னு சொல்றானா பாரு! அந்த அமெரிக்காக்காரன் சொல்லியிருப்பான். அவன் சோடிக்காரன்!

— நான் எந்த மொகத்தோட சொல்றதுங்க? கொழும்பக் கெடுத்தவனே நானு.

— ஆமா, நீதான் கெடுத்தே! அதனாலதான் நான் போறேன். அந்தப் புட்டுக்காரனோட போறேன்!

— போதுமுங்க! ரெண்டு பேரும் நிறுத்துங்க. துண்டு எங்க ஊட்டுத் துண்டு. நாந்தான் குடுத்தேன்.

— தங்கச்சி!

— நீங்க கம்முனு இருங்கண்ணா. பொள்ளாச்சி ஆட்டத்துல கழுத்துல அடி வாங்குனதுக்குப் பொறகு இவரு கூப்புட்டா மரக்கட்டை மாதிரி ஒடம்போட திரும்பறாரு. தூக்கத்துல அணத்தறாரு. கேட்டாப் பாணிங்கறாரு. அதான் அண்ணாவ வரச் சொல்லிக் குடுத்தேன், ‘எங்க ஊட்டுக்காரரு கழுத்துல எவனாச்சும் கைய வெச்சான்னா யோசிக்காம இதெப் போடுங்க’ன்னு. அண்ணா சொன்னாரு, ‘துண்டெப் போட்டா ஆட்டம் போயிரும் தங்கச்சி, கொழும்பு போயிரும்’னு. போனாப் போகட்டும்னேன். அவருக்குந்தானுங்களே கொழும்பு போச்சு? ஒரு வார்த்தை சொன்னாரா? விடிஞ்சதுல இருந்து உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, கைப்பழக்கமாம், கைப்பழக்கம்!

— சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீட்டு இப்படிப் போட்டு ஒடைக்கறியே தங்கச்சி!

— சத்தியம் பண்ணுனது நீங்க. நான் எங்கீங்க பண்ணுனேன்?

— மச்சான்… தங்கச்சி மேல கோவப்படாதீங்க. கைய வெச்சுப் போட்டது நானு.

— ஏனுங்க, ஏதாச்சும் பேசுங்க. வைய்யவாச்சும் வைய்யுங்க.

— …காரு சத்தமாட்ட இல்லே?

— ஆமாங்க மச்சான். வாடகைக் காரு. மேனேஜர்தான்.

— எந்தப் பக்கம்?

— எடப்பக்கமுங்க. வேலிக்கிட்ட எறங்கிட்டாரு. அதா, உங்களப் பாத்துக் கைய ஆட்டறாரு.

— ம்… பாத்துட்டேன்.

— மச்சான்…

— பாத்துட்டேங்கறனல்ல!

— நீங்க பாக்கறது வைக்கப்போரு மச்சான்.

— ஏனுங்க…

— கழுத்து திரும்பலே மாப்ளே. பொள்ளாச்சியில இருந்தே திரும்பலே. நேத்து நீ துண்டெப் போட்டு அஞ்சு வெரலையும் புடிச்சப்ப எனக்குக் கோவமே வரலே… அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வெக்கத்துலதான் விடிஞ்சதுல இருந்து கத்தீட்டுக் கெடக்கறேன். இப்ப அந்த மனுசன் மொகத்தப் பாத்து ‘நான் வரலே’ன்னு சொல்ல என்னால ஆகாது. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். நீ கயித்துக்கு வெளிய நிக்கறே… அந்தக் கைய இப்படிச் சித்தெ நீட்டு மாப்ளே.