அக்கா சுற்றிய நான்கு சுற்று

முதலில் ஒரு மன்னிப்பு. பேசுவது என் வேலை இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில், இருட்டில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நடிப்பவர்களுக்கு வரி மறந்தால் மெல்ல எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஏழு ஆண்டுகளாக இந்தக் குழுவில் இருக்கிறேன். உங்களில் ஒருவர்கூட என் குரலைக் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். அதனால் எழுதிவைத்துப் படிக்கிறேன். தாளில் இல்லாதது இடையில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி ஐயா அவர்களே! மூத்த கலைஞர்களே! அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் அவர் கணவர், எங்கள் மாமா அவர்களே! இசைக்குழு அண்ணன்களே! உடை அறையிலிருந்து வந்து கதவோரம் நிற்கும் என் அம்மாவே! இத்தனை நாள் சீட்டு வாங்கி வந்து, இன்று அக்காவின் இரங்கல் கூட்டத்துக்குச் சீட்டில்லாமல் வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

சுவரொட்டியில் அவரை ‘ஆடலரசி’ என்று போடுவோம். உள்ளே அவருக்கு ஒரே பெயர்தான். அக்கா! நிர்வாகி ஐயா அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். அவருக்கும் அக்காதான்.

“என்னைக் கிழவியாக்குறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?” என்று கேட்பார்.

“மரியாதைக்கா, மரியாதை.”

“அந்த மரியாதைய ஒரு ஃபேனா வாங்கி மேக்கப் ரூம்ல மாட்டுங்க!”

அப்படிப்பட்ட அக்காவுக்கு இன்று ஐயா ஒரு மரியாதை அறிவித்திருக்கிறார். அடுத்த மாதம் நடக்கும் நம் நாடகத்தில் அக்காவின் பதிவு செய்த குரலே ஒலிக்கும், வேறொரு பெண் அதற்கு வாயசைத்து ஆடுவார், அதுதான் நம் அஞ்சலி என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். நானும் அழுதேன். ஆனால் நான் அழுத காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

நாற்பத்தோரு ஆண்டுகள்! பின்வரிசையில் ஆறு பெண்களில் ஒருத்தியாகத் தொடங்கியவர். முதன்முறை தனியாகப் பாடக் கிடைத்த அன்று, உச்சத்தில் குரல் பிசிறியது. அரங்கம் சிரித்தது. வேறொருவராக இருந்தால் உள்ளே ஓடியிருப்பார். அக்கா ஓடினாரா? இடுப்பில் கை வைத்து நின்றாராம். “சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இப்போ திரும்பப் பாடுறேன், கேளுங்க” என்றாராம். பாடினார். பிசிறவில்லை.

பழைய முதலாளி ஒருவர், “கூட்டம் உன் காலைப் பாக்கத்தான் வருது. தொண்டை யாருக்கு வேணும்? பாட்டை ரெக்கார்டுல போட்டுரலாம்” என்றபோது அக்கா சொன்ன பதிலை இசைக்குழு அண்ணன்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்: “அப்போ நாளையிலேர்ந்து காலை மட்டும் அனுப்பி வைக்கிறேன். மீதி நான் வீட்டுல இருக்கேன்.” இரண்டு வாரம் வரவேயில்லை. முதலாளிதான் தேடிப் போனார்.

ஐம்பது வயதில் முட்டி போனது. மருத்துவர் குதிக்கக் கூடாது என்றார். ஒரு பத்திரிகை, ‘இனி இவர் அம்மா வேடத்துக்குத்தான்’ என்று எழுதியது. அக்கா என்ன செய்தார்? குதிக்கும் இடத்தில் அசையாமல் நின்றார். நின்று, ஒரே சுரத்தைப் பிடித்தார். “குதிப்பு போனா என்ன, நிக்கத் தெரியுமில்ல?” அதே நாயகி வேடத்தை அதற்குப் பிறகும் எட்டு ஆண்டு செய்தார்!

இப்போது நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் பேசிய மூத்த கலைஞர், இரண்டாம் காட்சியில் பாட்டின் நடுவே அக்கா சுற்றும் நான்கு சுற்றை மேதைமை என்று புகழ்ந்தார். நாயகியின் தேடும் மனத்தின் சுழற்சி அது என்றார். மூத்தவரே, மன்னிக்க வேண்டும். அந்த நான்கு சுற்றுக்கும் காரணம் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். “டிகிரி முடிச்சிட்டு இருட்டுல உக்காந்து முணுமுணுக்கப் போறாளாம்” என்று அம்மா இஸ்திரிப் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்த காலம். அன்று சரணத்தின் தொடக்க வரி அக்காவுக்கு வரவில்லை. குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினார். வரி வேண்டும் என்பதற்கு அதுதான் எங்கள் அடையாளம். நான் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். அடுத்த காட்சியின் வசனத்தைச் சொன்னேன். அக்காவுக்கு அது தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. பக்கத்தைத் தேடுகிறேன், விரல் ஒட்டவில்லை, கண் தெரியவில்லை.

அக்கா சுற்ற ஆரம்பித்தார். வாத்தியக்காரர்கள் ஒன்றும் புரியாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு முறை என் பக்கம் திரும்பும்போதும் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவது சுற்றில், உதடு அசையாமல், “மெதுவா தேடு, நான் எங்கயும் போகல” என்றார். நான்காவதில் நான் வரியைக் கொடுத்தேன். எடுத்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

இடைவேளையில் நான் அழுதுகொண்டு போய் நின்றேன். “ஏய் படிச்ச பொண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு? நாளைக்கும் வச்சுக்கலாம்” என்றார். ஏழு ஆண்டு வைத்துக்கொண்டார். முட்டி வலியோடு வைத்துக்கொண்டார். யார் தவறால் வந்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் கேட்கிறேன்: பதிவு செய்த குரல் எனக்காகக் காத்திருக்குமா? ஆடுகிற பெண் வழுக்கினால் அது நிற்குமா? மிருதங்க அண்ணனுக்குக் கை மரத்துப்போனால் அவர் பக்கம் பார்க்குமா? அக்காவின் பாட்டு என்பது அவர் தொண்டை மட்டும்தானா?

அந்தப் பதிவு எடுத்தபோது நான் அங்கே இருந்தேன். அக்கா இறப்பதற்கு ஆறு வாரம் முன்பு, எதிரொலி வராது என்று உடை அறையில், தொங்கும் துணிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு எடுத்தார்கள். நான்தான் பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒத்திகைக்கு மட்டும்தானே?” என்று அக்கா கேட்டார்.

“ஒத்திகைக்கு மட்டும்தான்க்கா” என்றார் ஐயா.

“மேடையில போட்டீங்க, எந்திரிச்சு வந்து வயரைப் பிடுங்கிருவேன்.”

எல்லோரும் சிரித்தோம். ஒலிப்பதிவு அண்ணன், “மூச்சுச் சத்தம் நிறைய விழுதுக்கா. பரவால்ல, அப்புறம் தொடச்சிரலாம்” என்றார்.

“மூச்சத் தொடச்சிட்டா அங்க பாடுறது யாருப்பா?” என்றார் அக்கா.

துடைத்துவிட்டார்கள். நேற்று கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. நாற்பத்தோரு ஆண்டு ஆடிக்கொண்டே பாடியவர் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை!

ஐயா கெட்டவர் இல்லை. அக்கா மருத்துவமனையில் இருந்த கடைசி மூன்று நாளும் வெளியே பெஞ்சை விட்டு நகராதவர். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் ஐயா, நீங்கள் கொடுத்த வாக்கை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன். உங்களுக்கு அது மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அம்மா, கதவருகிலிருந்து கண்ணைக் காட்டாதே. நான் உட்கார மாட்டேன். நாளை இந்த வேலை எனக்கு இருக்குமோ இருக்காதோ, இன்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா படுத்த நாளிலிருந்து அந்தப் பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறாள், பின்வரிசையில் ஆடும் ஒருத்தி. இந்த அரங்கில்தான் இருக்கிறாள். தலை குனிந்துகொள்கிறாள், பரவாயில்லை. குரல் மெல்லியது. அக்காவுக்குப் பாதிகூட வராது. அவளைப் பாடவிடுங்கள் ஐயா. முதல் ஒத்திகையிலிருந்து கடைசிக் காட்சிவரை நான் அவளுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு இருப்பேன். சம்பளப் பட்டியலில் என் பெயர் இல்லாவிட்டாலும் இருப்பேன். அக்காவின் வேலையைத் தொடர எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஐயாவிடம் கேட்டாயிற்று. எழுதும்போதே சொல்லலாமா வேண்டாமா என்று அடித்து அடித்து எழுதிய ஒன்று பாக்கியிருக்கிறது. அது ரசிகப் பெருமக்களாகிய உங்களுக்கு. அடுத்த மாதம் திரை விலகி, அந்தப் பெண் பாடினால் உட்கார்ந்து கேளுங்கள். பாதியில் நின்றுபோனாலும் உட்கார்ந்திருங்கள். பெட்டியிலிருந்து அக்காவின் குரல் வந்தால், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், உங்களுக்கு எவ்வளவு அழுகை வந்தாலும், தயவுசெய்து எழுந்து வெளியே போய்விடுங்கள்.