பதினோரு மணிக்கு விழுகிற கம்ப்யூட்டர்

கரண்டெல்லாம் போகலக்கா! நேத்து ஒங்க வீட்ல ஃபேன் ஓடுச்சுல்ல, இங்கயும் ஓடுச்சு. விழுந்தது, அதாங்க்கா பட்டுன்னு அணைஞ்சது, எங்க வீட்டுக்காரு கம்ப்யூட்டரு மட்டுந்தான். பத்து நாளா தெனமும் பதினோரு மணிக்கு! அவுக போட்ட சத்தத்துல, புதுசாக் குடி வந்த நீங்க பயந்தே போயிருப்பீங்க… உக்காருங்க சத்யபிரியாக்கா, அடுப்படிதான், பரவால்ல.

சென்னைக் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை பாக்குறாக. பஸ்ஸுக்கு சீட்டுப் போடுற புரோகிராம் எழுதுற வேலை. காசு வாங்குற பக்கம் ‘ரெடி’ங்கணும், சீட்டு குடுக்குற பக்கமும் ‘ரெடி’ங்கணும், அப்பறந்தான் ‘சரி, முடி’ன்னு ஒரு உத்தரவு வருமாம். அந்த ‘ரெடி’க்கும் உத்தரவுக்கும் நடுவுல மிசினு விழுந்தா வெனைதான். எட்டாப்போட நின்னவளுக்கு இதெல்லாம் என்ன வெளங்கும்? அவுகதான் எங்க கோயில் கல்யாணத்த வச்சு வெளங்க வச்சாக. மூணு ஞாயிறு பேர வாசிச்சு ‘தடை உண்டா’ன்னு கேப்பாங்கல்ல, அந்த ஓலை வாசிச்சாச்சு. பொண்ணும் சம்மதம்னுட்டா, மாப்ளையும் சம்மதம்னுட்டாரு. ஃபாதர் முடிச்சு வைக்கப் போறாரு… பொத்துன்னு மயங்கிட்டாரு! தண்ணி தெளிச்சு எழுப்புனா யாரு எவருன்னே நெனப்பில்ல. முடிஞ்சுதுன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. பொண்ணு மாப்ள பீடத்துக்கு முன்னாடி செலையாட்டம் நிக்க, அடுத்த சோடி மாலையோட வாசல்ல நிக்க, பிரியாணி ஆறிப்போவுது! ஹையோ… நெனச்சாலே சிரிப்பு! எந்திரிச்ச மிசினும் அப்பிடித்தான், அந்த சீட்ட யாருக்கும் விடாமப் பிடிச்சுக்கிட்டே நிக்குதாம்.

சென்னைல செஞ்சு பாத்தா இந்தக் கோளாறு வரவே மாட்டேங்குதாம். அவங்க ‘நில்லு’ன்னு மரியாதையாச் சொல்லி நிறுத்துறாங்க, அது எல்லாத்தையும் ஒதுங்க வச்சிட்டுத் தூங்கிருது. இங்க படார்னுல்ல விழுகுது! மேனேஜரு மொதல்ல, “அங்கதான விழுகுது ஜஸ்டின், அங்கயே இருந்து பாரு”ன்னாரு. இந்த வாரம், “வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலன்னா கெளம்பி சென்னைக்கே வந்துரு”ன்னுட்டாரு.

வெள்ளிக்கெழமை இன்னிக்குத்தாங்க்கா. பாப்பா ஷர்லிக்கு எட்டு மாசம். அவுக கொரலு கேட்டாத்தான் சோறே எறங்கும்.

காலைல புதுசா எழுதிப் போட்டிருக்காக. விழுந்து எந்திரிச்சதும் மிசினு எழுதி வச்ச குறிப்பப் பாத்து, நடுவுல நின்னத முடிக்கணுமாம், இல்ல கலைச்சு விட்டுரணுமாம். மேனேஜரு போன்ல இருக்காரு. பதினோரு மணிக்கு விழுகும்னு ரெண்டு பேரும் காத்துக் கெடக்காக.

விழுகாதுக்கா. நான் பிடுங்குனாத்தான் விழுகும்.

அந்தா, மிக்சிக்குப் பக்கத்துல கறுப்பு வயரு. அவுக ரூமுல மூணு ஓட்டை பிளக்கு கெடையாது, சன்னல் வழியா இங்கிட்டு இழுத்துச் சொருகியிருக்கோம். பாப்பாவுக்குக் கேப்பை அரைக்க ரெண்டே ரெண்டு நிமிசம் அதப் பிடுங்கிட்டு மிக்சியச் சொருகுவேன்… மூணாம் நாளுதான் எனக்கே வெளங்குச்சு. சொல்லலாம்னுதான் போனேன். அதுக்குள்ள ‘அங்கயே இரு’ன்னு மேனேஜரு சொல்லிட்டாரா… இவுக இங்கயே இருக்கட்டும்னு அடுப்படிக்கே திரும்பிட்டேன். கேப்பை தீந்த அன்னிக்கும் சும்மா மிக்சிய ஓட்டுனேன்க்கா!

இப்பப் பிடுங்கவும் பயமா இருக்கு. எந்திரிக்கலன்னா சென்னை. பிடுங்கலன்னா சரியாச்சான்னே தெரியாது, அப்பவும் சென்னை.

மணி என்ன? பதினொண்ணா! பாப்பாவப் பிடிங்க, பிடிங்க… ஏசுவே… பிடுங்கிட்டேன்.

…சொருகிட்டேன்.

சத்தத்தையே காணோமே…

கேட்டுச்சா? கேட்டுச்சாக்கா? “எந்திரிச்சிருச்சு பிளெஸ்ஸி! சீட்ட விட்டுருச்சு!”ங்கறாக! மேனேஜரு கைதட்டுறது இங்க வரைக்கும் கேக்குது! இங்கிட்டுதான் ஓடி வாராக… அக்கா, அப்பிடிச் சிரிக்காதீங்க, காட்டிக் குடுத்துருவீங்க! இல்ல… வயரு சங்கதிய நீங்களே சொல்லிருங்களேன்க்கா. எனக்கு வெக்கமா இருக்கு!