கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கைகளை எண்ணியவருக்கு

பயிற்ற வந்தோரைப் பயிற்றுவித்த பண்பின் பெட்டகமே! பிஞ்சு முகங்களின் பேசாத மொழியையும் படித்தறிந்த பெருமாட்டியே! முழங்கால் உயரப் பெஞ்சில் முதுகு வளைத்து அமர்ந்து, முப்பத்திரண்டு ஆண்டுகளாக, முன்னே நின்று நடுங்கிய பயிற்சி மாணவர்களின் முதல் பாடத்தை முழுவதும் கேட்ட முத்தே! கனிவில் தாயே, கண்டிப்பில் தராசே, இன்று பணி நிறைவு காணும் எங்கள் மூத்த விரிவுரையாளர் அம்மையே! ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் அலுவலர் அனைவரும் அன்பால் கைகுவித்து, ஆற்றாமையால் தலைகுனிந்து அளிக்கும் விடைமடல் இது.

தலைகுனிந்து என்ற சொல் வழக்கமான மடலில் கிடையாது. வழக்கமான மடல் ஒன்று அலுவலகக் கோப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கணக்குப் பாட விரிவுரையாளனாகிய என்னிடம் முதல்வர் அதைத்தான் நீட்டினார். "இதுல பேர மட்டும் மாத்திடுங்க சார், நேரமில்ல" என்றார். மேலே உள்ள பண்பின் பெட்டகம் அதிலிருந்து எடுத்ததுதான். போன ஆண்டு நூலகருக்கும், அதற்கு முந்தைய ஆண்டு காவலாளிக்கும் அதே பெட்டகத்தைத்தான் கொடுத்தோம். பெயரை மாற்ற உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. ஆகவே மற்றதைச் சொந்தமாக எழுதினேன். பிழையிருந்தால் வழக்கம்போல் பச்சை மையில் சுழித்துவிடுங்கள்.

அம்மையே! பயிற்சிப் பள்ளிகளுக்கு மேற்பார்வைக்குச் செல்லும் நாங்கள் எல்லோரும் தலைமையாசிரியர் அறையின் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து கையெழுத்திட்டுத் திரும்பிய காலத்தில், நீங்கள் ஒருவர்தான் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக நெருக்கியடித்து உட்கார்ந்தீர்கள். 'சார்ட் அழகு. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. எழுந்து நின்றும் பார்த்தேன்' என்று நீங்கள் எழுதிய குறிப்பை எங்கள் மாணவர் ஒருவர் இன்றும் பர்ஸில் வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்த நான், வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை என்று உங்களிடம் அலுத்துக்கொண்டேன். "கேள்வியையும் கேட்டு பதிலையும் நீங்களே சொல்லிட்டா, அவங்க எதுக்கு சார் பஸ் ஏறி வரணும்?" என்றீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். ஏழில் ஒரு பதில் வந்தது.

எண்ணுவது என்றால் உங்கள் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட முடியுமா? எங்கள் நிறுவனத்தில் ஓர் ஆண்டு மாணவர் அடுத்த ஆண்டு மாணவருக்குக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுக்கும் தந்திரம் ஒன்று உண்டு. தேர்வுப் பாடத்துக்கு முந்தைய நாள் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும்: "நாளைக்கு எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியலன்னா இடது கை." கேள்வி கேட்டதும் வகுப்பே கைகளால் நிறையும், பயிற்சி ஆசிரியர் வலக்கைகளில் ஒன்றைக் காட்டிப் பதில் வாங்குவார், பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். நாங்களும் அப்படித்தான் தேர்ச்சி பெற்றோம். பிறகு அப்படியே தேர்ச்சி போட்டோம். நீங்கள் மட்டும் குறிப்பேட்டின் ஓரத்தில் 'வ 11, இ 27' என்று எழுதுவீர்கள். மணி அடித்ததும் அந்த இருபத்தேழு பேரிடம் போய் உட்கார்வீர்கள். அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. தெரிந்ததை யார் கேட்பார்கள்?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் தையல்காரர் மகள் ஒருத்தி உங்கள் மேற்பார்வையில் பயிற்சிக்கு வந்தார். மெல்லிய குரல். மூன்றாம் வகுப்பில் அரை, கால் என்று பின்னம் நடத்துவதுதான் அவருடைய இறுதித் தேர்வுப் பாடம். அவர் அந்தத் தந்திரத்தைச் சொல்லிவைக்கவில்லை. அன்று பார்த்தா மேலிடத்துப் பார்வையாளர் இருவர் வந்து அமர வேண்டும்! "அரை பெருசா, கால் பெருசா?" என்று அந்தப் பெண் பிள்ளைகளிடம் கேட்டார். மூன்றே கைகள் உயர்ந்தன, மூன்றும் வலக்கை. கை தூக்காத ஒரு சிறுமி, "ரெண்டவிட நாலு பெருசு, அப்ப நாலுல ஒண்ணுதான் பெருசு" என்றாள். அவர் தவறு என்று சொல்லவில்லை. அப்பாவின் கடையிலிருந்து கொண்டுவந்த ஒட்டுத்துணியையும் கத்தரிக்கோலையும் அவளிடம் கொடுத்து, "வெட்டித்தான் பாரேன்" என்றார். அவள் வெட்டினாள், அளந்தாள், முழித்தாள், மறுபடி மடித்தாள். நாற்பது பேரும் பெஞ்சை விட்டு எழுந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மதிப்பிடலுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் போகுமுன் மணி அடித்துவிட்டது.

"என்னங்க, மூணு பிள்ளைங்களுக்குத்தான் தெரியுமா?" என்று பார்வையாளர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களைச் சுட்டது. மதிப்பெண் போட அமர்ந்த ஐவரில் முதல்வர், தமிழாசிரியர், கைவேலை ஆசிரியர், நான் என நால்வர் அவருக்குத் தேர்ச்சி இல்லை என்றோம். மேசையைத் தட்டாமல், குரலை உயர்த்தாமல், நீங்கள் ஒருவர் வாதாடினீர்கள். "மூணுன்னா மூணுதான் சார். இத்தன வருஷத்துல நான் பார்த்த முதல் உண்மையான கணக்கு இது" என்றீர்கள். கணக்காசிரியன் நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். நான்குக்கு ஒன்று என்று நீங்கள் தோற்றீர்கள். அது போதாதென்று, முடிவை மேற்பார்வையாளர்தான் அறிவிக்க வேண்டும் என்ற வழக்கத்தைக் காட்டி, "உங்க மாணவிதானே, நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்று உங்களையே அனுப்பினோம்.

யார் எப்படி மதிப்பிட்டார் என்பது வெளியே போகக் கூடாது என்பது விதி. நீங்கள் விதியைக் காத்தீர்கள். வராந்தாவில் அந்தப் பெண்ணிடம், "இந்தத் தடவை தேர்ச்சி இல்லம்மா. அடுத்த வருஷம் வா, நான் இருக்கேன்" என்றீர்கள். நான்கு பேரின் பழியை ஒருவர் சுமந்தீர்கள். அவர் வரவேயில்லை. ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள், "அந்தப் பொண்ணுக்கு ஒரு லெட்டர் போடலாமா?" என்பீர்கள். "பாக்கலாம் மேடம்" என்போம் நாங்கள். மூன்று ஆண்டுக்குள் மறுதேர்வு எழுத வேண்டும் என்ற கெடு, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே முடிந்துபோனது. அதன் பிறகும் கேட்டீர்கள். கெடு முடிந்ததுகூடத் தெரியாமல் கேட்கிறாரே என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தவனும் நான்தான்.

போன வாரம், கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, தமிழாசிரியரும் நானும் அந்தத் தையல் கடையைத் தேடிப் போனோம். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. தையல் இயந்திரத்தின் முன் அவர் இருந்தார். நடந்ததைச் சொன்னோம். மிதிப்பதை நிறுத்தினார். "மேடம்தான் என்ன ஃபெயில் போட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். அவங்க எதிர்ல வந்தா நான் சந்துல புகுந்து போயிடுவேன். ஒரு தடவ பின்னாலயே வந்து கூப்பிட்டாங்க. திரும்பியே பாக்கல" என்றார். பிறகு கேட்டார்: "இத ஏன் சார் இப்ப வந்து சொல்றீங்க?" விழாவுக்கு அழைத்தோம். "டெலிவரி இருக்கு, பாக்கலாம்" என்றார். எங்கள் சொல்லே எங்களுக்குத் திரும்பி வந்தது.

இதை எழுதும்போது அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. வாசிக்கப்படும்போது, கடைசி வரிசையைப் பார்த்துப் பழகிய உங்கள் கண்களுக்குத் தெரிந்திருக்கும்.

எழுதி முடித்ததை முதல்வரிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இத மேடையில வாசிக்கணுமா?" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நானே வாசிக்கிறேன்" என்றார். ஆகவே இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய குரலே. இம்மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வருவோர் போவோர் எல்லாம் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் இதில் எழுதினோம். அன்று மறைத்ததை இனி மறைக்க முடியாது.

அன்பின் அம்மையே! குனிந்து குனிந்து தேய்ந்த முதுகுக்கு இனியேனும் சாய்வு நாற்காலி வாய்க்கட்டும்! சுண்ணத் தூசு படாத காற்றும், மணியடித்துக் கலையாத மதியத் தூக்கமும், மாத்திரை தேடாத மூப்பும் உங்களை நெடுங்காலம் சூழட்டும்! நாங்கள் எத்தனை பேருக்குத் தவறாகத் தேர்ச்சி போட்டோம் என்ற கணக்கு எங்களோடு இருக்கட்டும். அதை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இறுதியாக ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைக்கு அன்று தேர்ச்சி இல்லை என்று கையெழுத்திட்டது யார்? பதில் தெரிந்த நால்வரும் இப்போது கை தூக்குகிறோம். வாசிப்பவரும் மடலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு தூக்குகிறார். நிமிர்ந்து பாருங்கள் அம்மா. நான்கும் வலக்கை. குறித்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கை தூக்கியபடி நிற்கும் நால்வரும்,
உங்களிடம் எண்ணக் கற்ற ஏனைய அலுவலரும்