இரண்டு பொட்டலங்கள்

பூப் பொட்டலம் மடிக்க எனக்கு நன்றாக வரும். அகரத்தில் எங்களுக்குப் பூந்தோட்டம் என்பதால், அம்மனிடம் பூக்கேட்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் வைக்க வேண்டும். எடுத்த பொட்டலத்தை மட்டும் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிப்பது தெய்வக் குற்றம். அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

பெரியப்பா மகள் ஜீவிதாவுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்தது. அதே வாரம் செம்பட்டியிலிருந்து சடையாண்டி வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள்.

"வெள்ளைன்னா காலேசு, செவப்புன்னா கல்யாணம். ஆத்தா சொல்லட்டும். எனக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்றார் பெரியப்பா.

ஜீவிதா என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களை உட்கார்ந்து கேட்க ஊரில் அவள் ஒருத்திதான் உண்டு. பனியைப் பார்த்தேயிராத நாங்கள், பம்ப்செட் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு பனிப்புயலைப் பற்றிப் பேசுவோம். அந்த நாவல்களில் என் வயதுப் பிள்ளைகள்தான் கதை சொல்வார்கள். பொய் சொல்வார்கள், காட்டிக்கொடுப்பார்கள். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் அவர்களை மன்னித்துவிடுவார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் மட்டும் பாதிக் கதையிலேயே காணாமல் போய்விடுவார்கள்.

"நான் போயிட்டா யாருகிட்டடி கதையளப்ப? கெணத்துத் தவளைகிட்டயா?" என்று சிரித்தாள். பெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள்.

நான் இரண்டிலும் சிவப்பையே வைத்து மடித்தேன். செம்பட்டிக்குத் திண்டுக்கல்லில் ஒரு பஸ் மாறினால் போதும். யோசித்துத்தான் செய்தேன்.

ஜீவிதாவையே எடுக்கச் சொன்னார்கள். இடது பக்கம் போன கை தயங்கி, வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தது. பிரித்துப் பார்த்தபோது அவள் அழவில்லை.

"மொதல்ல அந்தப் பக்கந்தான் கை போச்சு புவனா. நாந்தேன் மாத்திட்டேன்."

பெரியப்பா மற்றதைக் கிணற்றில் போட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் நாங்கள் இருவரும் ஏதோ நாவலில் வருகிறவர்களைப் போல இருந்தோம்.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில், நேற்று அவள் திரும்பி வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. சடையாண்டி குடித்துவிட்டால் மனிதனே இல்லை என்றாள். கோயம்புத்தூரில் இந்த வருஷமும் சேர்த்துக்கொள்வார்கள், அனுப்பிவிடுங்கள் என்று பெரியப்பாவின் காலைப் பிடித்தாள்.

"ஆத்தாகிட்டயே கேட்ருவோம்" என்றார் அவர். வெள்ளை வந்தால் கோயம்புத்தூர். சிவப்பு வந்தால் புருஷன் வீடு.

"நீயே மடிடி" என்றாள் ஜீவிதா என்னிடம். "நீ மடிச்சாத்தேன் எனக்கு நம்பிக்கை. இந்தத் தடவ கைய மாத்த மாட்டேன்."

விடிந்ததும் பூப் பறித்துவிட்டேன். பூசாரி வரக் காத்திருக்கிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு தோழி வேண்டும். கோயம்புத்தூரில் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? அதனால்தான் என் கூடையில் சிவப்பு மட்டும் இருக்கிறது.