எட்டு ஜிபி போட்டேன், மூன்றேகால் காட்டுகிறது

— “2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. என் கணினியில் எட்டு ஜிபி நினைவகம் பொருத்தியதாகச் சொன்ன மஜீது, அதில் பாதிக்கு மேல் திருடிக்கொண்டார். கணினி காட்டுவது மூன்றேகால்தான்.” இதுதான் நான் எழுதியது, மஜீது. இதில் ஒரு சொல் பொய்யா?

— மொத்தமும் தப்பு, செல்வநாதன் சார். பொட்டிய விம்கோ நகர்லேர்ந்து ஷேர் ஆட்டோல மடியில வச்சிகினா என் கடைக்கு வந்தீங்க? இப்டி குடுங்க. தோ, தொறந்துட்டேன். உள்ள இன்னா கீது?

— இரண்டு பச்சைப் பட்டைகள்.

— மேல ஒட்டிகினு கீற சீட்டைப் படிங்க.

— நான்கு ஜிபி. இதுவும்… நான்கு ஜிபி.

— நாலும் நாலும்?

— என்னிடமே வாய்ப்பாடு கேட்கிறாயா? எட்டு. அப்படியானால் கணினி ஏன் மறைக்கிறது?

— மறைக்கல சார். உங்க விண்டோஸ் முப்பத்திரண்டு பிட்டு. நாலுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. அந்த நாலுலயும் கொஞ்சம் ஸ்கிரீனுக்கு, அது இதுன்னு போயிடும். மிச்சம்லாம் சும்மா குந்திகினு கீது.

— தெரிந்தே ஏன் பொருத்தினாய்?

— விண்டோஸை மாத்தினாதான் வேலைக்காவும்னு சொன்னேனே சார்! நீங்கதான்…

— நான் என்ன சொன்னேன்?

— “இருபது வருஷத்து வினாத்தாள் பழைய எழுத்துருவுல கீது, புதுசுல தொறக்காது, விண்டோஸைத் தொடாதே, கேட்டதை மட்டும் போடு”ன்னீங்க. உங்க வீட்டு ஹில்டா அம்மா காபி குடுத்துகினே கேட்டுகினு இருந்தாங்க.

— ஆமாம்… சொன்னேன். எனக்குக் கணக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

— அதையும் சொன்னீங்க.

— மஜீது, நான் படித்த இந்தக் கடிதம் நகல். அசலை வெள்ளிக்கிழமையே நான் ஓய்வு பெற்ற நம் பள்ளியின் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். அங்கே கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன் நீதானே, எச்சரிப்பது என் கடமை என்று…

— தெரியும் சார். இன்னிக்கு காலைல பிரேயர்ல மைக்குலயே படிச்சாங்க. எல்லார் முன்னாலயும் ரூம் சாவிய வாங்கிகினாங்க.

— மைக்கிலா? என் கடிதத்தையா?

— தமிழ் அழகா கீதாம் சார். புள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்க உதவும்னாங்க.

— ஐயோ! வந்ததும் இதை ஏன் சொல்லவில்லை?

— பொட்டியத் தொறக்காம சொன்னா நம்பியிருப்பீங்களா?

— மாட்டேன். வெட்கமாக இருக்கிறது, தம்பி. ஒரு தாள் கொடு. இப்போதே மறுப்பு எழுதி, யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

— ஏன், நீங்க போவ மாட்டீங்களா?

— முப்பத்தாறு ஆண்டுகள் நான் நின்ற மேடை அது. அங்கே எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

— கடுதாசி வாணாம் சார். நாளைக்கு ஒம்போது மணி பிரேயருக்கு நீங்களே வாங்க. மைக்கப் புடிச்சி, மஜீது திருடலன்னு சொல்லுங்க. ஆறாங்கிளாஸ் வரிசைல மூணாவதா என் பொண்ணு நிப்பா. அவ மூஞ்சியப் பாத்து சொல்லுங்க.